கொழும்பு மாநகரும் குடிநீரும்

மழைக்குக் குறைவில்லாத ஊரில் குடிநீருக்குக் குறைவு வருமா என்று கேட்டால், வராது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். கொழும்பு மாநகரின் வரலாறு அவ்விடையை ஏற்கவில்லை. இலண்டன் நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். சென்னையில் ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர். கொழும்பிலோ 2,400 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்கின்றது. மேற்கே கடலும், வடக்கே களனி கங்கையும், நடுவே பேர வாவியும், ஊடே பல கால்வாய்களுமாக நீர் சூழ்ந்து கிடக்கும் நகரம் இது. இத்துணை நீரின் நடுவே வாழ்ந்தும், இந்நகரத்தார் குடிக்கும் நீருக்காகத் தலைமுறைதோறும் மேலும் மேலும் தொலைவிற்குச் செல்ல நேர்ந்தது. அதற்குக் காரணம் வானம் பொய்த்தமை அன்று. அருகிலிருந்த நீரை அழுக்காக்கிவிட்டுத் தொலைவிலுள்ள நீரைத் தேடிச் சென்ற பழக்கமே காரணமாகும். அப்பழக்கம் எவ்வாறு தோன்றியது, எங்கே வந்து முட்டி நின்றது என்பதை முறையாக ஆராய்தல் பயனுடையது.

பழங்கொழும்பு கிணற்றை நம்பி வாழ்ந்த ஊர். ‘வெள்ளவத்தை’ என்னும் பெயர் சிங்கள மொழியில் மணற்றோட்டம் எனப் பொருள்படும். அந்த மணலே அவ்வூரின் நீர்க்களஞ்சியமாயிருந்தது. பெய்த மழை மணலினூடே வடிந்து நிலத்தின் கீழ்த் தங்கும். கடல் நீரினும் நன்னீர் எடை குறைந்ததாகையால், கீழே உவர் நீரும் மேலே நன்னீருமாக அது நிலைகொள்ளும். சில முழ ஆழத்திலே நல்ல தண்ணீர் ஊறும். அளவாக அள்ளினால் வற்றாது. அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய தமிழருக்கு இத்தன்மை புதியதன்று. ஆறில்லாத குடாநாட்டிலே சுண்ணாம்புக் கற்பாறையின்கீழ் ஊறும் கிணற்று நீரை நம்பி அவர்கள் வாழ்ந்தவர்கள். கிணற்றடியைக் காக்கும் ஒழுக்கத்தை நன்கு அறிந்தவர்கள். நகரின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனையிலும் வளவுக்கொரு கிணறும், கோயிலுக்கொரு கிணறுமாக வாழ்க்கை நடந்தது.

இந்தப் பொதுநிலைக்குக் கோட்டைப் பகுதி விலக்காயிற்று. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் தமது கோட்டையைக் காக்கும் பொருட்டுத் தாழ்நிலத்து நீரைத் தேக்கி அகழி போல் அமைத்த நீர்நிலையே இன்றைய பேர வாவி. அது குடிப்பதற்கென்று வெட்டிய குளமன்று. பகைவரைத் தடுப்பதற்கென்று ஏற்பட்ட காப்பு. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவ்வாவி சூழ்ந்த நிலப்பகுதியில் தம் அடிமைகளை அடைத்து வைத்தனர். ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பொருள்படும் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்த கொம்பனித்தெரு அவ்விடமேயாகும். நீரைக் கொண்டு போக்குவரத்து நடத்துவதில் ஒல்லாந்தர் வல்லவர். கால்வாய்கள் பலவற்றை வெட்டி, படகிலே பொருள்களைக் கொண்டு சென்றனர். ஆயினும் கோட்டைக்குள் இருந்த கிணறுகளின் நீர் உவர்ப்புடையதாகவே இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைக்கொண்டபோதும் அக்குறை நீங்கவில்லை. கோட்டைக்கு வெளியேயுள்ள ஊற்றுகளிலிருந்து தோற்பைகளில் நிரப்பி, மாடுகளின்மேல் ஏற்றிப் படைவீரர்களுக்கு நல்ல நீர் கொண்டுவரப்பட்டது. கொழும்பு தன் குடிநீரை வெளியிலிருந்து வருவித்த வரலாற்றின் தொடக்கம் இதுவே.

19ஆம் நூற்றாண்டில் நகரம் வேகமாக வளர்ந்தது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின; அவற்றின் விளைவு கொழும்பு வழியாகக் கப்பலேறியது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1875இல் தொடங்கி 1885இல் நிறைவெய்திய தென்மேற்கு அலைதாங்கி, கொழும்பைக் கீழ்த்திசையின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக்கிற்று. காலியில் நின்ற நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. கப்பல்களுக்கு நிலக்கரியும் நீரும் வேண்டும். துறைமுகத்திற்குத் தொழிலாளர் வேண்டும். தொழிலாளருக்குக் குடியிருப்பு வேண்டும். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் நெருங்கி நிறைந்தன. வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது போலவே, வீட்டுக்கு வீடு மலக்குழியும் இருந்தது. வளவு பெரிதாயிருந்த காலத்தில் இரண்டும் விலகி நின்றன. வளவு சிறுத்தபோது இரண்டும் நெருங்கின. மண் தன்னால் இயன்றவரை வடித்தது. இயலாதபோது கழிவைக் கிணற்றுக்கே அனுப்பிற்று.

இதன் கேடு அக்காலத்தில் உலகெங்கும் உணரப்பட்டது. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களுட் பெரும்பாலோர் புரோட் வீதியிலிருந்த ஒரே நீரிறைக்கும் குழாயிலிருந்து குடித்தவர்கள் என்று காட்டினார். முப்பது ஆண்டுகளின் பின் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக், எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, அந்நோயை உண்டாக்கும் கிருமியை 1884இல் உலகுக்கு அறிவித்தார். இலங்கைக்கும் வாந்திபேதி புதியதன்று. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களை நோக்கிக் கால்நடையாய் வந்த தொழிலாளர்களுள் எத்தனையோ பேரை அது வழியிலேயே கொன்றது. ஆகவே நகரங்களுக்குத் தூய நீர் கொண்டுவருதல் அரசின் கடமை என்ற எண்ணம் ஆசிய நாடுகளிலும் வேரூன்றிற்று. பம்பாய் 1860இல் விகார் ஏரியிலிருந்து நீர் பெற்றது. சென்னை 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் பெற்றது. கொழும்பு அவற்றுக்குப் பிந்தியது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கொழும்பு மாநகர சபை, நகருக்குரிய நீரை எங்கிருந்து கொணர்வது என்ற வினாவை எதிர்கொண்டது.

விடையாக அமைந்தது லபுகம நீர்த்தேக்கம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், களனி கங்கையின் கிளையாறாகிய வக் ஓயா பாயும் காட்டு மலைச்சாரலில் அணை கட்டப்பட்டது. 1886ஆம் ஆண்டளவில் அந்நீர் இரும்புக் குழாய்களின் வழியே நகருக்கு வந்து சேர்ந்தது. நகரினும் உயர்ந்த இடத்தில் தேக்கம் இருந்தமையால், எந்திரத்தின் உதவி வேண்டாது நீர் தானாகவே இறங்கி ஓடி வந்தது. மருதானையை அடுத்த மாளிகாகந்தையிலும், வடக்கே முகத்துவாரப் பக்கத்து எலிஹவுசிலும் அமைந்த சேமிப்புத் தொட்டிகள் அந்நீரை ஏற்று நகரெங்கும் பகிர்ந்தன. கொட்டாஞ்சேனை மக்கள் குடித்த குழாய் நீர் இவ்வழி வந்ததே.

லபுகமவின் சிறப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அணையும் குழாயும் மட்டும் அதன் சிறப்பல்ல. அந்நீர் தேங்குமிடத்தைச் சூழ்ந்து காடு காக்கப்பட்டது. மழைத்துளி இலையிலும் வேரிலும் தங்கித் தங்கி வடிந்து தேக்கத்தை அடைந்தது. இடையே ஊரின் அழுக்கு அதைத் தொடவில்லை. மூலத்தைக் காத்தால் முடிவைத் தூய்மை செய்யும் உழைப்புக் குறையும் என்னும் உண்மையை லபுகம செயலிற் காட்டிற்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமை தமிழறிந்தோர் அனைவரும் அறிந்தது. வானம் தருவதைக் கெடாது வாங்கி வைத்தல் மனிதனுடைய பங்கு. வறண்ட நிலத்தில் வாழ்ந்த முன்னோர் அப்பங்கை உணர்ந்து, மன்னாரிலே கட்டுக்கரைக் குளத்தையும், பொலநறுவையிலே பராக்கிரம சமுத்திரத்தையும் போன்ற பெருங்குளங்களை ஆக்கினர். மழை மிகுந்த மேற்குக் கரைக்கு அக்கவலை இருந்ததில்லை. லபுகமதான் அவ்வறிவை மேற்குக் கரைக்குக் கொணர்ந்தது எனலாம்.

ஆயினும் லபுகமவிடமிருந்து நகரம் கற்றுக்கொண்ட பாடம் வேறாயிற்று. காட்டைக் காத்தமையால் நீர் தூய்மையாயிற்று என்று அது கருதவில்லை. தொலைவிலிருந்து வந்தமையால் தூய்மையாயிற்று என்று கருதிற்று. குழாயிலே நல்ல நீர் வந்துவிட்டதாதலின், கிணற்றையும் வாவியையும் கால்வாயையும் காக்கும் கவலை அகன்றது. குடிக்காத நீரை அழுக்காக்கினால் யாருக்கு என்ன என்ற எண்ணம் நிலைபெற்றது. பேர வாவியின் கரைகளில் பண்டகசாலைகளும் ஆலைகளும் எழுந்தன, கழிவுகள் அதிற் கலந்தன, கரைகள் நிரப்பப்பட்டன. ஒருகாலத்தில் 165 ஹெக்டேயர் பரந்திருந்ததாகக் கூறப்படும் அவ்வாவி ஏறத்தாழ 65 ஹெக்டேயராகக் குறுகிற்று. அதன் நீர் பாசியாற் பச்சை நிறம் பூண்டு நாற்றமெடுத்தது.

நல்ல நீர் நகருக்குள் வந்தபின், கழிவு நீர் நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்பது இயல்பு. குழாய் வந்த வீட்டில் முன்னினும் பலமடங்கு நீர் செலவாகும். அந்நீரெல்லாம் எங்கேனும் போயாக வேண்டும். நீர் வழங்கும் திட்டம் முன்னே நடக்க, கழிவகற்றும் திட்டம் பின்னே பல ஆண்டு பிந்தி நடந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர், கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அக்கணக்கின்படி கொழும்பின் சனத்தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தொகையினருக்கு ஏற்ற நிலக்கீழ்க் கழிவுக் குழாய்த் திட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் உருப்பெற்றது. 1914இல் கொள்ளைநோய் கொழும்பில் தோன்றிப் புறக்கோட்டை முதலிய நெருக்கமான பகுதிகளை வாட்டியபோது, சுகாதாரத்தில் நகரம் எத்துணை பின்தங்கியிருந்தது என்பதை அனைவரும் கண்டனர்.

அக்கழிவுக் குழாய்கள் நகரின் அழுக்கைத் திரட்டி வடக்கும் தெற்குமாகக் கொண்டு சென்றன. 1980களில் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலடியிலே நீண்ட குழாய்கள் இடப்பட்டு, கழிவு நீர் கரைக்கு அப்பால் விடப்பட்டது. நெடுங்காலம் அது சுத்திகரிக்கப்படாமலே விடப்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு அருகே ஒரு வாயும் வெள்ளவத்தையில் ஒரு வாயுமாக, தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகளின் கடலோரமும் மாநகரின் புறக்கடையாயின. நகரத்து வரைபடத்தில் இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் கோடுகளுள் கண்ணுக்குப் புலனாகாத கோடு இதுவேயாகும்.

இனி, வரலாற்றின் திருப்பத்துக்கு வருவோம். சனத்தொகை வளர வளர லபுகம போதாதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்கு அண்மையிலேயே கலட்டுவாவ நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் காட்டு நீரே. 1963ஆம் ஆண்டில் நகர எல்லைக்குள் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். எல்லைக்கு வெளியே தெகிவளை, கோட்டை, கொலன்னாவை முதலிய ஊர்களும் நகரோடு ஒட்டிக்கொண்டன. மலைச்சாரலிலே தேக்கக்கூடிய தூய நீருக்கு ஓர் எல்லை உண்டு. எனவே 1960களில், நகருக்கு அண்மையில் களனி கங்கையின் கரையிலுள்ள அம்பத்தளையில், ஆற்று நீரையே நேராக எடுத்துச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்தது. 1975இல் தோன்றிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் காலத்தில் அது மேலும் மேலும் விரிவடைந்து, பெருங்கொழும்பின் குடிநீரில் மிகப் பெரும்பங்கைத் தருவதாயிற்று.

முன்பு காட்டை நோக்கிச் சென்ற நகரம், அம்பத்தளையில் தன் வாசலுக்கே திரும்பி வந்தது. இத்திருப்பத்தின் பொருளை உணர வேண்டுமாயின், களனி கங்கையை மூலத்திலிருந்து கடல்வரை மனத்தாற் பின்தொடர்தல் வேண்டும். சிவனொளிபாத மலைத்தொடரில் தோன்றி ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடும் ஆறு இது. தொடக்கத்தில் அட்டன், மஸ்கெலியா பகுதிகளின் தேயிலை மலைகள். அங்கே காசல்றி, மவுஸ்ஸாகலை ஆகிய மின்னாற்றல் நீர்த்தேக்கங்கள் உள்ளன. மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் அதன் பழங்கோயில்கள் நீருக்கு மேல் தலைகாட்டுகின்றன. தோட்ட லயன்களில் நெருங்கி வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு நல்ல மலசலகூடமும் வடிகாலும் நெடுங்காலம் கிட்டவில்லை. மலைச்சரிவிலே இடப்படும் உரமும் மருந்தும் மழையோடு கீழிறங்கும். பின்னர்க் கித்துல்கலை, அவிசாவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் வருகின்றன. அதன்பின் கடுவெல. எதிர்க்கரையில், 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய பியகம ஏற்றுமதிப் பதனிடல் வலயம். இவற்றையெல்லாம் கடந்த பின்னரே ஆறு அம்பத்தளையை அடைகின்றது. லபுகமவுக்கு மேலே காடு. அம்பத்தளைக்கு மேலே ஒரு நாட்டின் பாதி வாழ்க்கை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

சுத்திகரிப்பு நிலையம் ஆற்று நீரிலுள்ள சேற்றைப் படியவைக்கும், மணலில் வடிக்கும், குளோரீன் சேர்த்து நோய்க்கிருமியைக் கொல்லும். எண்ணெய், சாயம், உலோகம் முதலியவை பெருமளவிற் கலந்தால் அம்முறைகளின் ஆற்றல் போதாது. 2015 ஆகஸ்ட் மாதத்தில் பியகமப் பகுதிக் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் எண்ணெய் ஒழுகிக் களனியிற் கலந்தது. அம்பத்தளை நிலையம் ஆற்று நீரை எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. கொழும்பின் பல பகுதிகளில் குழாய்கள் வறண்டன. மழையும் இருந்தது, ஆறும் நிறைய ஓடிற்று. ஆயினும் குடிக்க நீரில்லை. ஒரே ஓர் ஒழுக்கு ஒரு மாநகரைத் தாகத்தில் ஆழ்த்தக்கூடும் என்பதை அந்நாள்கள் காட்டின.

கடற்பக்கத்திலிருந்தும் தீங்கு வந்தது. வீடு கட்டவும் வீதி அமைக்கவும் களனியின் மணல் பல்லாண்டு அள்ளப்பட்டமையால், ஆற்றின் அடித்தளம் கடல் மட்டத்தினும் தாழ்ந்தது. மழை குறைந்த மாதங்களில் ஆற்றின் வேகம் தளரும்போது, கடல் நீர் அடியாலே ஊர்ந்து மேல்நோக்கி ஏறி அம்பத்தளைவரை உவரைக் கொண்டு வந்தது. மணல் மூட்டைகளை ஆற்றின் குறுக்கே அடுக்கி அதைத் தடுக்க நேர்ந்தது. ஆற்றிலிருந்து அள்ளிய மணலாலே மாடி கட்டியவர்கள், அம்மாடிக்கு வேண்டிய நீரைக் காக்க மீண்டும் மணலையே ஆற்றில் இட வேண்டியதாயிற்று.

நீர்த் தட்டுப்பாடு எல்லாரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. கொட்டாஞ்சேனையிலும் அதனை அடுத்த பகுதிகளிலும், கொழும்பு வழக்கில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான வரிசை வீடுகளில் வாழ்வோர் பலர் பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் நம்பியே தலைமுறைகளைக் கழித்தனர். விடியற்காலையில் வாளிகளை வரிசையாக வைத்து முறைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு, நீர் நிற்கும் நாள் வேலைக்கும் பள்ளிக்கும் பிந்தும் நாளாகும். அதே பகுதியில் உள்ள ஓரிடத்துக்கு ஒல்லாந்தர் ‘புளூமெண்டல்’ என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் அது பூக்களின் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். அங்கே மாநகரின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால் அது நிறுத்தப்பட்டது. நகரம் தன் குப்பையைக் குறைக்கவில்லை. வேறிடத்துக்குக் கொண்டு சென்றது. கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்ல அவ்விடமாயிற்று. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அக்குப்பை மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீரின் வரலாற்றிலே காணப்பட்ட பழக்கந்தான் குப்பையின் வரலாற்றிலும் தோன்றுகின்றது. கண்ணுக்கு மறைவான இடத்துக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்னும் நம்பிக்கை அது. குப்பை மேட்டின் கசிவு மண்ணுக்கும் கால்வாய்க்கும் இறங்குமாதலின், அவ்விரண்டையும் பிரித்துப் பேசவும் இயலாது.

வெள்ளவத்தையின் நிலை வேறுவகைப்பட்டது. வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் தெற்கே தெகிவளைக் கால்வாய்க்கும் இடைப்பட்ட அந்நிலத்தில், முன்பு தனி வீடும் முற்றமும் கிணறுமாக இருந்த வளவுகள் தொடர்மாடிகளாயின. வடக்கிலும் கிழக்கிலும் போர் நீடித்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே தங்கின. வெளிநாடு சென்ற உறவினரின் பணம் மாடிகளாக உயர்ந்தது. ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் இருபது, முப்பது குடும்பங்கள் வாழலாயின. நீரைக் கீழ்த்தொட்டியிற் சேர்த்து மின்னிறைப்பானால் மேல்தொட்டிக்கு ஏற்றும் வசதி அவர்களுக்கு உண்டு. ஆயின் அக்குடும்பங்களின் கழிவைத் தாங்கும் நிலக்கீழ்க் குழாய்கள், தனி வீடுகளின் காலத்திலே இடப்பட்டவை. பெருமழையில் அவை நிரம்பித் தெருவிலே பொங்குதலும், கால்வாய்கள் கறுத்து நாறுதலும் அதன் விளைவு. நல்ல தண்ணீர் ஊறிய மணல் இப்பொழுது சீமெந்தின் கீழே கிடக்கின்றது. மழை அதற்குள் இறங்க வழியின்றிக் கான்களில் ஓடிக் கடலிற் சேர்கின்றது.

இவ்வளவுக்கும் நடுவே பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. அரும்பாடுபட்டு எடுத்துச் சுத்திகரித்த நீரில் ஏறக்குறையப் பாதி, 2010களின் தொடக்கத்தில், கொழும்பு நகர எல்லைக்குள் கணக்கில் வராமற் போயிற்று. மிகப் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் ஒழுக்கும், அளவிடப்படாத பாவனையும் அதற்குக் காரணங்கள். ஒழுகும் குழாய் நீரை இழப்பதோடு நிற்பதில்லை. குழாயில் அமுக்கம் குறையும் வேளையில், சூழ்ந்துள்ள மண்ணின் அழுக்கு அதே ஓட்டையால் உள்ளே புகுதலும் கூடும். பக்கத்திலே பழுதுற்ற கழிவுக் குழாயும் கிடந்தால் கேட்கவேண்டியதில்லை. பழைய குழாய்களை அகற்றிப் புதியன இடும் வேலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தொடங்கப்பட்டது. புதிய அணை கட்டுவது போன்ற பெருமிதம் குழாய் மாற்றுவதில் இல்லை. ஆயினும் ஒழுக்கை அடைத்தல் புதிய நீர்த்தேக்கம் ஒன்றைப் பெறுவதற்கு ஒப்பாகும்.

கொழும்பின் கதை கொழும்போடு முடிவதில்லை. 2013 ஆகஸ்ட் 1இல் கம்பகா மாவட்டத்து வெலிவேரியாவில், தங்கள் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று முறையிட்டு வீதிக்கு வந்த மக்கள்மீது படையினர் சுட்டனர்; மூவர் மாண்டனர். அதே பத்தாண்டில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வெளிப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றது. கொழும்பிலே குழாய் நீர் குடித்தவாறு ஊர்க்கிணற்றின் சுவையை நினைந்து வாழ்ந்தோருக்கு அச்செய்தி பேரிடியாயிற்று. கிணற்றை வளவு மதில் காக்காது. நிலத்தின் கீழே நீர் அயலாருடன் பொதுவானது.

சென்னை மாநகரம் 2019ஆம் ஆண்டுக் கோடையில் பட்ட துன்பம் மற்றொரு பாடம். ஏரிகள் வற்றின, ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. மழை தவறியதும் அங்கே ஒரு காரணம். ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் நகரம் விழுங்கியது அதனினும் பெரிய காரணம். கொழும்புக்குச் சென்னையினும் மிகுதியாக மழை உண்டு. அது நற்பேறு, அதுவே மெத்தனத்துக்கும் காரணமாயிற்று. நீர் இல்லாத ஊர் துளியை எண்ணும். நீர் மிகுந்த ஊர் ஆற்றையும் எண்ணாது.

கெட்டது கெட்டதே என்று மனந்தளர வேண்டுவதில்லை. இலண்டனின் தேம்ஸ் ஆறு 1858ஆம் ஆண்டுக் கோடையில் நாடாளுமன்றத்தார் மூக்கைப் பொத்தும்படி நாறிற்று. 1957இல் அதன் நகர்ப்பகுதி உயிரற்றது என்றே அறிஞர் கூறினர். கழிவைச் சுத்திகரித்து விடும் ஒழுங்கைத் தளராது கடைப்பிடித்தமையால், 1974இல் சமன் மீன் அங்கே மீண்டும் அகப்பட்டது. கொழும்புக்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நகரினுள்ளும் சூழவும் எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்கள் வெள்ளத்தை ஏந்துகின்றன. அழுக்கை ஓரளவு வடிக்கின்றன. அவற்றின் பொருட்டே 2018இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்னும் முதல் ஏற்பைப் பெற்ற 18 நகரங்களுள் ஒன்றாயிற்று. 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடற் சட்டமும், அதன்வழி அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும் உள்ளன. சட்டம் இல்லாமையால் களனி கெடவில்லை. சட்டத்தை நாள்தோறும் நடத்திவைக்கும் கண்ணும் கையும் போதாமையாற் கெட்டது.

நாட்டு விடுதலைக்குப்பின் பிறந்த தலைமுறையினர் குழாயைத் திருகினால் நீர் வரும் என்றே அறிந்து வளர்ந்தனர். அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று கேட்க அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. இனி அக்கேள்வி தவிர்க்க முடியாதது. கோட்டைக் கிணறு உவர்த்தபோது வெளியூற்றுக்குச் சென்றது நகரம்; கிணறுகள் கெட்டபோது லபுகமவுக்குச் சென்றது; லபுகம போதாதபோது களனிக்குத் திரும்பிற்று. களனி கெடுமாயின் அதற்கு ஈடு தேடுதல் எளிதன்று. அயலாறுகளை நம்பி வாழும் ஊர்களும் தமக்கென நீர் கேட்கும். ஆகையால் நகரத்தின் நீர்ப்பாதுகாப்பு நகர எல்லைக்குள் முடிவதன்று. மஸ்கெலியாத் தோட்டத்து லயனில் ஒரு நல்ல மலசலகூடம் கட்டப்படுமாயின், அது கொட்டாஞ்சேனைக் குழந்தைக்கும் செய்த உதவியாகும். பியகமவில் ஒரு தொழிற்சாலை தன் கழிவைச் செவ்வனே சுத்திகரிக்குமாயின், அது வெள்ளவத்தை அடுக்களைக்கும் ஆற்றிய கடமையாகும். மேலேயிருப்போர் கீழேயிருப்போரை நினைத்தலும், கீழேயிருப்போர் மேலேயிருப்போரின் குறைகளைத் தம் குறைகளாக ஏற்றலும், ஓர் ஆற்றைப் பகிர்ந்துகொள்வோர்க்குரிய உறவு முறையாகும். லபுகமக் காடு நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் காவலைக் களனியின் கரைகளில் மனிதரே செய்தாக வேண்டும்.